கிராண்டில் பெயர் ஏறும் வரை: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீட்டுப் பெயர் மாற்றச் சேவை எப்படி?

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு மாடியேறி, வழக்கறிஞர் அலுவலகத்தில் "வீட்டுப் பெயர் மாத்த எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். அதே கேள்வியைப் பினாங்கு லெபோ பந்தாயிலும் கேளுங்கள். ஓரிடத்தில் சில ஆயிரம் என்பார்கள், இன்னோரிடத்தில் இருபதாயிரம் என்பார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 'பெயர் மாற்றம்' என்ற ஒரே சொல்லுக்குள் விற்பனை, தானம், ஒப்படைப்பு, வாரிசு மாற்றம், பவர் (அதிகாரப் பத்திரம்) என்று ஐந்து தனித்தனிச் சரக்குகள் இருக்கின்றன. ஒன்றின் விலைக்கும் இன்னொன்றின் விலைக்கும் தொடர்பில்லை, அவை தரும் பாதுகாப்பும் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் கொடுக்கும் காசுக்கு என்ன தருகிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் உறவினர் உள்ள குடும்பங்களுக்குக் கிரயப் பத்திரம், தான செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம், பாகப்பிரிவினை எல்லாம் காதில் விழுந்து பழகிய சொற்கள். அங்கே காரணத்துக்கு ஒரு பத்திரம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் "அண்ணன் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டாரு" என்று ஒரு தாளைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. மலேசிய நிலச் சட்டத்தில் அந்தத் தாளால் மட்டும் வீடு கை மாறாது. 1966 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தேசிய நிலச் சட்டம் டோரன்ஸ் முறையில் அமைந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். உங்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி நில அலுவலகத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பந்தான் பத்திரம்.

பினாங்குக்காரர்களுக்கு இதில் ஒரு கிளைக் கதை உண்டு. பினாங்கிலும் மலாக்காவிலும் முன்பு ஆங்கிலேயர் கால டீட் முறைதான் இருந்தது. பத்திரத்தின் மேல் பத்திரமாகச் சங்கிலி கோத்து உரிமையை நிரூபிக்க வேண்டும். இந்த இரண்டு மாநிலங்களுக்கென்றே 1963இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, அந்த நிலங்களைப் புதிய பதிவேட்டுக்கு மாற்றினார்கள். ஜார்ஜ்டவுனில் தாத்தா காலத்துத் தோல்காகிதப் பத்திரம் வைத்திருப்பவர்கள் அதைப் பத்திரமாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விற்கவோ வாங்கவோ இறங்குமுன் இன்றைய பதிவேட்டில் அந்த லாட் யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

பாரம் 14ஏ

கிராண்ட் (நில உரிமைப் பட்டா) வந்துவிட்ட வீடு, கடை, நிலம், ஸ்ட்ராத்தா பட்டா (அடுக்குமாடி அலகுக்கான தனிப் பட்டா) உள்ள அப்பார்ட்மெண்ட் எல்லாவற்றுக்கும் இதுதான் கருவி. விற்றாலும் சும்மா கொடுத்தாலும் பாதிப் பங்கை மட்டும் மாற்றினாலும் அதே 14ஏ. தமிழ்நாட்டில் நான்கு பத்திரம் செய்யும் வேலையை இங்கே ஒரே பாரம் செய்கிறது. கிடைக்கும் சேவைகளில் முழு நம்பிக்கையோடு பரிந்துரைக்கக்கூடியது இது ஒன்றுதான்.

பாரத்தில் கொடுப்பவர் பெயர், அடையாள அட்டை எண், முகவரி இருக்கும். அதன்பின் கைம்மாறு என்ன என்ற வரி. விற்பனை என்றால் தொகை, தானம் என்றால் 'காசே சாயாங்', அதாவது அன்பின் பேரில். பிறகு வாங்குபவரின் விவரம், அவர் ஏற்றுக்கொள்ளும் கையெழுத்து. கடைசியில் அட்டவணை: முக்கிம் (நிலப் பதிவில் ஊர்ப் பிரிவு) அல்லது பண்டார் (நகரப் பிரிவு), லாட் எண், பட்டாவின் வகையும் எண்ணும், மாற்றப்படும் பங்கு. பங்கு என்ற கட்டத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். முழு நிலமும் ஒருவர் பெயரில் இருந்தால் 'முழுவதும்'. அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்குப் பாதி என்று இருக்கும் நிலத்தில் அப்பாவின் பாகத்தை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்குக் கால். அங்கே அரை என்று எழுதினால் கவுண்டரிலேயே திரும்பி வரும்.

பாரத்தில் வெள்ளை மை பூசக்கூடாது. தட்டச்சுப் பிழையைத் திருத்தினால் அந்த இடத்தில் இரு தரப்பும் சாட்சியும் சுருக்கெழுத்திட வேண்டும். பிழை பெரிதென்றால் புது பாரம் அடித்துவிடுவதே நல்லது. முத்திரை வரி கட்டியபின் பிழை தெரிந்தால் சரிசெய்வது இரட்டை வேலை.

கையெழுத்தை யார் முன்னால் போடுவது என்பதை நிலச் சட்டமே சொல்கிறது. வழக்கறிஞர், நோட்டரி, நில நிர்வாகி போன்ற பட்டியலிட்ட ஒருவர் நேரில் பார்த்து, ஆளை அடையாளம் கண்டு, சுய விருப்பத்தோடுதான் கையெழுத்திடுகிறாரா என்று உறுதிசெய்து, தாமும் ஒப்பமிட வேண்டும். கிளார்க் வீட்டுக்கு வந்து, "அம்மா, இங்க ஒரு சைன் போடுங்க, லோயர் அப்புறம் போட்டுக்குவாரு" என்பது வசதியாகத் தெரியும். வீட்டையே பறிகொடுக்க வைக்கக்கூடிய வசதி அது. சட்டத்தின் 340ஆம் பிரிவின்படி பதிவேட்டில் ஏறிய உரிமையை அசைக்க முடியாது. ஆனால் மோசடி, பொய்யொப்பம், செல்லாத பத்திரம் வழியாக ஏறியிருந்தால் நீதிமன்றம் அதைக் கீழிறக்கலாம். பிற்காலத்தில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் முதலில் கிளறப்படுவது இந்தச் சாட்சிக் கையெழுத்துதான். வயதான பெற்றோர் கையெழுத்திடும்போது பாரத்தை அவர்களுக்குப் புரியும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மறதி நோய் தொடங்கியிருந்தால் அன்றைய தேதியில் மருத்துவர் கடிதம் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

இந்தப் பிரிவின் வரலாறே பினாங்கில் எழுதப்பட்டது. தஞ்சோங் பூங்காவில் தாய்லாந்துப் பெண்மணி பூன்சோம் பூன்யானிட்டுக்குச் சொந்தமான நிலத்தை, அவரைப் போல நடித்த ஒருவர் பொய்க் கையெழுத்துப் போட்டு அடோர்னா பிராப்பர்டிஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே நிலம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. பத்தாண்டு கழித்து, 2010இல், தான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்று ஒதுக்கியது. இன்றைய நிலை இதுதான்: மோசடிக்காரரிடம் நேரே வாங்கியவருக்குப் பாதுகாப்பில்லை, அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு, உரிய விலை கொடுத்து அடுத்ததாக வாங்குபவருக்கு உண்டு. ஆகவே வீடு காலியாகக் கிடந்தாலும், கடன் ஏதும் இல்லாமல் சுத்தமாக இருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை உங்கள் சொந்த கிராண்டையே தேடிப் பாருங்கள். நில அலுவலகத்தில் உங்கள் முகவரி பழையதாக இருந்தால் மாற்றிக்கொடுங்கள். அறிவிப்புக் கடிதங்கள் அங்கேதான் போகும்.

எவ்வளவு ஆகும்

600,000 ரிங்கிட் வீட்டை எடுத்துக்கொள்வோம். முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000க்கு 2, அதற்குமேல் 10 லட்சம் வரை 3, அதையும் தாண்டினால் 4. கூட்டினால் 1,000 + 8,000 + 3,000 = 12,000 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணம் 2023 ஜூலை 15 முதல் முதல் 500,000க்கு 1.25 விழுக்காடு, அதற்குமேல் 1 விழுக்காடு. ஆக 6,250 + 1,000 = 7,250. அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி 580. பதிவேட்டுத் தேடல், பதிவு, கேவியட் (பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பதிவேட்டுக் குறிப்பு) போன்ற சில்லறைச் செலவுகள் தனி. வங்கிக் கடன் எடுத்தால் கடன் பத்திரத்துக்கு 0.5 விழுக்காடு முத்திரையும் தனிக் கட்டணமும் சேரும்.

மலேசியக் குடிமகனின் முதல் வீடு 500,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாற்றப் பத்திரத்துக்கும் கடன் பத்திரத்துக்கும் முத்திரை வரி விலக்கு உண்டு. 2025 முடிவில் முடியவிருந்த இந்தச் சலுகையை 2026 பட்ஜெட் 2027 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் நிறைய. விலக்குக்கு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், அதைத் தயாரிப்பது வழக்கறிஞரின் வேலை. முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுதிய விலைதான் வரிக்கு அடிப்படை என்று நினைப்பது தவறு. மதிப்பீட்டுத் துறை சந்தை மதிப்பைச் சொல்லும். இரண்டில் எது கூடுதலோ அதற்கே வரி. விலையைக் குறைத்து எழுதினால் வரி குறையாது. பின்னால் விற்கும்போது உங்கள் கொள்முதல் விலைதான் குறைவாக நின்று, இலாப வரி கூடும்.

முத்திரைக்கு 30 நாள் கெடு. 2025 ஜனவரி 1 முதல், மூன்று மாதத்துக்குள் தாமதமாகக் கட்டினால் 50 ரிங்கிட் அல்லது குறைவுத் தொகையில் 10 விழுக்காடு, அதையும் தாண்டினால் 100 ரிங்கிட் அல்லது 20 விழுக்காடு. இரண்டில் கூடுதலானது அபராதம். 12,000க்கு இருபது விழுக்காடு என்றால் 2,400. தாமதம் அலுவலகத்தின் கவனக்குறைவால் வந்ததென்றால் அதை அவர்களே ஏற்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்வது தவறில்லை.

நில அலுவலகத்துக் கவுண்டர்

பினாங்கில் கொம்தார் கட்டடத்து நில அலுவலகமும் மாவட்ட அலுவலகங்களும், கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேச நில அலுவலகமும் இந்த வேலையைச் செய்கின்றன. பினாங்கில் முதலில் பார்க்க வேண்டியது பட்டாவின் வகை. கெரான், பஜாக்கான் நெகிரி என்றிருந்தால் மாநில அலுவலகம். கெரான் முக்கிம், பஜாக்கான் முக்கிம் என்றிருந்தால் மாவட்ட அலுவலகம். இதைப் பார்க்காமல் போய் அரை நாளை வீணாக்குபவர்கள் தினமும் உண்டு.

முத்திரையிட்ட 14ஏ, அசல் கிராண்ட், அடையாள அட்டை நகல், நடப்பு ஆண்டு நில வரி ரசீது, மதிப்பீட்டு வரி ரசீது. இவ்வளவுதான் அடிப்படை. வங்கியில் அடமானம் இருந்தால் வரிசை முக்கியம்: முதலில் அடமான விடுவிப்புப் பாரம் 16என், பிறகு 14ஏ, பிறகு வாங்குபவரின் வங்கிக்கான 16ஏ. மூன்றையும் இந்த வரிசையில் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். வரிசையில் ஒன்று தட்டினால் மற்றவையும் நிற்கும். யாராவது கேவியட் போட்டிருந்தால் அதை முதலில் எடுத்தாக வேண்டும்.

கவுண்டரில் தரும் 'பெர்செராஹான்' (சமர்ப்பிப்பு) எண்ணில் நாளும் மணியும் இருக்கும். பதிவு சில நாள் கழித்து முடிந்தாலும், உரிமை அந்த மணியிலிருந்து கணக்காகும். அந்தச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். "கொடுத்தாச்சு" என்று வாயால் சொல்லும் அலுவலகத்துக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பும் அலுவலகத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

நம்மவர்களின் பாரம் அதிகம் நிற்பது பெயர் எழுத்தில். பழைய கிராண்டில் 'சுப்ரமணியம்', அடையாள அட்டையில் 'சுப்பிரமணியன்'. அங்கே எஸ்/ஓ, இங்கே ஏ/எல் (இரண்டுமே 'இன்னாரின் மகன்' என்பதன் சுருக்கம்). அல்லது பழைய அடையாள அட்டை எண் மட்டும். தாத்தா பாட்டி காலத்து நிலத்தில் எண்ணே இல்லாமலும் இருக்கும். இருவரும் ஒரே ஆள் என்று தேசியப் பதிவிலாகாவின் உறுதிக் கடிதமும் சத்தியப் பிரமாணமும் வேண்டும். இதை ஒப்பந்தம் போடும் முன்பே சரி செய்யுங்கள். வங்கிக் கடன் கையில் வந்தபின் இது வெளிப்பட்டால் மீதிப் பணம் கட்ட ஒப்பந்தம் தரும் மூன்று மாதக் கெடு ஓடிப்போய், தாமத வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

கிராண்டின் முன்பக்கத்தில் 'சியாராட் ஞாத்தா', 'செக்காத்தான் கெபெந்திங்கான்' என்ற இரண்டு வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். முதலாவது நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது. இரண்டாவது மாநில அரசின் அனுமதியின்றி மாற்ற முடியுமா என்பது. குத்தகை நிலத்திலும் மலிவு விலை வீட்டிலும் இந்தத் தடை சாதாரணம். அனுமதி கிடைக்காமல் 14ஏ ஏறாது. நிலம் மலாய் ஒதுக்கீடு என்று குறித்திருந்தால் நமக்கு அங்கே வேலையே இல்லை. எவ்வளவு மலிவாக வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் கவனிக்க: நிரந்தரவாசியும் நிலச் சட்டத்தின் கண்ணில் குடிமகன் அல்லாதவர்தான். மாநில அனுமதி வாங்கவேண்டும். ஆனால் 2024 முதல் வெளிநாட்டவருக்கு விதிக்கப்படும் தனி முத்திரை வரி விகிதம் நிரந்தரவாசிக்குக் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பி அதிக வரி கேட்டால், எந்த விதியின்படி என்று கேளுங்கள்.

கணவன் மனைவி பெயரில் பாதிப் பாதி

இந்த ஒரு விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும். இரண்டு பேர் பெயர் கிராண்டில் இருந்தால் ஒருவர் இறந்ததும் மற்றவருக்கு முழுவதும் தானாக வந்துவிடும் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். இங்கே அப்படி இல்லை. நிலச் சட்டம் பிரிக்கப்படாத பங்குகளைத்தான் பதிவு செய்கிறது. கணவர் இறந்தால் அவருடைய பாதி அவருடைய சொத்தாகவே நிற்கும். உயில் இல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, உயிருடன் இருக்கும் பெற்றோருக்குக் கால் என்று பிரியும். பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. மாமியாருக்கும் பங்கு உண்டு என்பது அன்றுதான் தெரிய வரும். பெயர் மாற்ற வந்த தம்பதியிடம் "உயில் எழுதியாச்சா?" என்று கேட்காத வழக்கறிஞர் அரைச் சேவைதான் செய்திருக்கிறார்.

காசே சாயாங்

பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பதில் காசுக்கு ஏற்ற மதிப்பு இதுதான். 2023 ஏப்ரல் 1 முதல், பெற்றோரிடமிருந்தோ தாத்தா பாட்டியிடமிருந்தோ மலேசியக் குடிமகனான பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ போகும் வீட்டில் முதல் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு முத்திரை வரி முழு விலக்கு. மீதிக்குப் பாதித் தள்ளுபடி. 13 லட்சம் ரிங்கிட் வீட்டுக்குச் சாதாரணமாக 36,000 வரும், இதில் 6,000. கணவன் மனைவிக்குள் வரியே இல்லை. அண்ணன் தம்பிக்குள் சலுகை கிடையாது, முழு வரி. அன்புக்குக் குறைவில்லை என்றாலும் சட்டம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மலிவு என்று ஓடிப்போய்ப் போடுமுன் மூன்றைப் பாருங்கள். பதிவு ஏறிய நிமிடத்தில் வீடு பிள்ளையுடையது. "நான் இருக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்ற வாய்ப்பேச்சு கிராண்டில் ஏறாது. அம்மா அப்பாவுக்கு இருக்கும் ஒரே வீடு இதுவென்றால் உயில் எழுதுவது மேல். இதில் தயக்கம் வேண்டாம்.

அடுத்தது இலாப வரி. கொடுக்கும் அப்பாவுக்கு வரி விழாது, ஆனாலும் 60 நாளுக்குள் வருமான வரி வாரியத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு அப்பாவின் பழைய விலையே கொள்முதல் விலையாக ஒட்டிக்கொள்ளும், ஆண்டுக் கணக்கோ பெயர் மாறிய நாளில் தொடங்கும். மூன்று ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தில் 15, ஆறாம் ஆண்டு முதல் இல்லை. வாழ்நாளில் ஒருமுறை குடியிருப்பு வீட்டுக்குக் கிடைக்கும் விலக்கு காப்பாற்றலாம். அதை இதில் செலவழிப்பதா என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, கடன்காரர்கள். சொத்தைத் தானமாகக் கொடுத்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தவர் திவாலானால் அந்தத் தானம் செல்லாது. ஐந்து ஆண்டுக்குள் என்றால், கொடுத்த நாளில் அந்தச் சொத்து இல்லாமலேயே கடனை அடைக்க முடிந்திருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். கடையில் நஷ்டம் வந்தபின் வீட்டை மகள் பெயருக்கு மாற்றச் சொல்லும் ஆலோசனை நல்ல ஆலோசனை அல்ல.

அசைன்மெண்ட் பத்திரம்

கிராண்ட் இன்னும் வீடு கட்டி விற்ற மேம்பாட்டாளர் பெயரிலேயே, மாஸ்டர் டைட்டிலிலேயே (திட்டம் முழுவதற்குமான ஒரே பட்டா) இருக்கும் வீட்டை விற்றால் 14ஏ போட முடியாது. அப்போது வருவது அசைன்மெண்ட் பத்திரம். முதல் வாங்குபவர், மேம்பாட்டாளரோடு போட்ட ஒப்பந்தத்தில் தமக்குள்ள உரிமைகளை அடுத்தவருக்கு ஒப்படைக்கிறார். முத்திரை வரி அதே விகிதம். ஆனால் கிடைப்பது உரிமையாளர் என்ற பதிவு அல்ல, மேம்பாட்டாளரிடம் உரிமை கோரும் அதிகாரம் மட்டும். விலை அதே, சரக்கு குறைவு. வேறு வழியில்லாதபோது எடுக்க வேண்டியது, விரும்பி எடுக்க வேண்டியது அல்ல.

எழுத்தில் போட்டு, மேம்பாட்டாளருக்கு அறிவிப்புக் கொடுத்தால்தான் இது நிற்கும். அந்த அறிவிப்பை மேம்பாட்டாளர் பெற்றுக்கொண்ட முத்திரை உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி மேம்பாட்டாளரின் 'சம்மதம்' தேவையில்லை; விவரங்களை உறுதி செய்தால் போதும், அதையும் 21 நாளுக்குள். அதற்கு 50 ரிங்கிட்டுக்கு மேல் கேட்கவும் கூடாது. ஆயிரக்கணக்கில் நிர்வாகக் கட்டணம் கேட்டால் சட்டத்தைக் காட்டி மறுக்கலாம்.

பழைய ஃபிளாட்டுகளில் இது மூன்று நான்கு கை மாறியிருக்கும். ஒவ்வொரு கைமாற்றத்தின் அசல் பத்திரமும் முத்திரைச் சான்றும் வங்கியின் மறு ஒப்படைப்பும் வரிசையாக இருக்க வேண்டும். நடுவில் ஒன்று தொலைந்தால் பின்னால் ஸ்ட்ராத்தா பட்டா வரும்போது சங்கிலி அறுந்து நிற்கும். மேம்பாட்டாளர் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தால் கலைப்பு அதிகாரியைத் தேடிப் போக வேண்டும். விலையில் பேரம் பேச இதுவே நியாயமான காரணம்.

பட்டா வந்துவிட்டது என்று கடிதம் வந்தால் தள்ளிப்போடாமல் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். செலவைப் பார்த்துப் பத்து வருடம் கிடப்பில் போட்டவர்கள், பிறகு மேம்பாட்டாளர் இல்லாமல் அல்லாடுகிறார்கள். 2015 ஜூனுக்குப்பின் வந்த புதிய திட்டங்களில் சாவியோடு ஸ்ட்ராத்தா பட்டாவும் தர வேண்டும் என்ற விதி இருப்பதால் இந்தத் தொல்லை குறைந்துவருகிறது.

இறந்தவர் பெயரில் உள்ள வீடு

இறந்தவர் 14ஏயில் கையெழுத்திட முடியாது. முன்னமே கையெழுத்து வாங்கி வைத்த பாரத்தை இறந்தபின் பதிவு செய்ய முயல்வது பெரிய வம்பு. உயில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயிலை உறுதிப்படுத்தும் ஆணை). உயில் இல்லாமல் நிலமும் விட்டுப்போனால் நில அலுவலகத்துச் சிறு சொத்துப் பிரிவு. 2024 ஜூலை 15 முதல் மொத்தச் சொத்து 50 லட்சம் ரிங்கிட் வரை அங்கேயே முடிக்கலாம். பாரம் ஏ போட்டு, இறப்புச் சான்று, வாரிசுகளின் பிறப்புச் சான்று, கிராண்ட் நகல் கொடுத்து, விசாரணை நாளில் எல்லா வாரிசுகளும் வந்தால் பாரம் ஈ என்ற பங்கீட்டு ஆணை கிடைக்கும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. செலவும் மிகக் குறைவு. இத்தனை நல்ல சேவையை நம்மவர்கள் ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது வருத்தமாகத்தான் இருக்கிறது. வராத ஒரு வாரிசால் விசாரணை தள்ளிப்போவதுதான் இதில் உள்ள ஒரே பெரிய தடை. வெளிநாட்டில் இருப்பவரின் ஒப்புதலை முறைப்படி முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பவர் பத்திரத்தில் விற்பனை

வேண்டாம். உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்த பவர், ஊரில் இல்லாதவருக்குப் பதில் 14ஏயில் கையெழுத்திட நல்ல கருவி. ஆனால் மாற்றத் தடை உள்ள மலிவு வீட்டைப் "பவர்லயே வாங்கிக்கங்க" என்று விற்பது உரிமை தராது. கொடுத்தவர் இறந்தாலோ திவாலானாலோ கையில் மிஞ்சுவது வழக்குதான்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது

கட்டணம் சட்டத்தில் நிர்ணயித்தது, தள்ளுபடி அதிகபட்சம் 25 விழுக்காடு. பாதி விலை என்று சொல்லும் இடத்தில் எங்கோ ஒரு வேலை விடுபடும். பெரும்பாலும் அது இரண்டாவது தேடல். ஒப்பந்தத்துக்கு முன் ஒரு தேடல் எல்லோரும் செய்வார்கள். மீதிப் பணம் கைமாறுவதற்கு முந்தைய நாள் மறுபடி கிராண்டையும் விற்பவரின் திவால் நிலையையும் தேடுகிறவரே நல்ல வழக்கறிஞர். ஒப்பந்தம் கையெழுத்தானதும் தனியார் கேவியட் போடுகிறாரா என்று கேளுங்கள். இடையில் நீக்கப்படாவிட்டால் அது ஆறு ஆண்டு நிற்கும், அது நிற்கும்வரை வீடு வேறு கைக்குப் போகாது.

கட்டணம், முத்திரை வரி, சில்லறைச் செலவு மூன்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பணத்தை அலுவலகத்தின் வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் போடுங்கள். கிளார்க்கின் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். விற்பவரின் வழக்கறிஞரையே நம்பி வாங்காதீர்கள். உங்கள் பக்கம் பார்க்க ஒருவர் தனியாக இருக்கட்டும்.

பதிவு முடிந்து புதிய கிராண்ட் கைக்கு வந்ததும் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பங்கையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அலுவலகப் பிழையை அன்றே காட்டினால் திருத்துவது சுலபம். நகராண்மைக் கழகம் தானாகப் பெயர் மாற்றாது. கோலாலம்பூர் மாநகர் மன்றத்திலோ பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திலோ மூன்று மாதத்துக்குள் மாற்ற அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பீட்டு வரிப் பில் பழைய உரிமையாளர் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். மின்சாரம், தண்ணீர் கணக்கு, அப்பார்ட்மெண்ட் என்றால் நிர்வாகக் குழுவின் பதிவேடு ஆகியவற்றையும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள்.